மூணுதரத்திடம் மாட்டிய வேட்பாளர்கள்

கும்மிடிப்பூண்டியிலிருந்து மெரினா வரைக்கும் உள்ள கடற்கரையில், வேட்பாளர்களை வியர்க்க வைப்பதில் மூணுதரத்துக்கு நிகரான ஆள் பிறந்ததும் இல்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. சந்தேகம் இருந்தால், அந்தக் காலத்தில் பழவேற்காட்டுக்கு ஓட்டுக் கேட்டு வந்துபோன எந்த அரசியல்வாதியிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முதலில் துண்டை எடுத்து நெற்றியைத் துடைப்பார். பிறகுதான் "யாரு அது, ஞாபகம் இல்லையே" என்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் மூணுதரம்தான். ஏரிக்கரையில் மீன் ஏலம் விடுவது அவர் தொழில். காலையில் படகுகள் கரைக்கு வந்ததும் இறாலும் நண்டும் மடவையும் குவியல் குவியலாக வந்து விழும். மூணுதரம் கவிழ்த்துப்போட்ட கூடை ஒன்றின் மேல் ஏறி நின்று "ஒரு தரம்" என்று ஆரம்பித்தால், பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். பொன்னேரிக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். திருப்பாலைவனம் வரை கேட்டது என்பதற்கு நானே சாட்சி.

இதை நான் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். அப்போது பழவேற்காட்டில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவன் நான். கல்யாணம், மீலாது விழா, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் என் குழாய் ஒலிபெருக்கிதான் போகும். எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் நான் 'மைக்கு பாய்'. ஊரில் எனக்கு இருந்த ஒரே தொழில் போட்டி மூணுதரத்தின் தொண்டை. ஒயர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், கம்பத்தில் ஏறிக் கட்டவும் வேண்டாம்.

ஏலத்தில் ஒரு நியாயம் உண்டு. வாங்க வந்தவர் ஒரு விலை சொல்லியாக வேண்டும். 'பார்க்கலாம்', 'யோசிக்கிறேன்', 'நமக்குள்ள இன்னா' என்பதெல்லாம் விலை ஆகாது. மூணுதரம் இந்த நியாயத்தை மீனோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். மனுஷன் நிறுத்தவில்லை. யார் எந்தக் கேள்விக்கு வழவழவென்று பதில் சொன்னாலும், அதையும் கூடையில் கொட்டி ஏலம் விட்டார்.

சொந்தக்காரப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டார், "பையன் நல்ல வேலைல கீறான்" என்றார்கள். மூணுதரம் பாயிலிருந்து எழுந்து நின்றார்.

"'நல்ல வேலை' ஒரு தரம்! இன்னா வேலைனு சொல்றவங்க யாராவது கீறீங்களா? 'நல்ல வேலை' ரெண்டு தரம்!"

மூன்றாவது தரத்துக்கு முன்பே தாய்மாமன் பயந்துபோய், "இப்பத்திக்கு தேடிகினு கீறான்" என்று உண்மையைக் கக்கிவிட்டார். சம்பந்தம் முறிந்தது. இலை போடுவதற்கு முன்பே முறிந்ததால் மூணுதரம் பசியோடு வீடு திரும்பினார். இந்த வித்தை பலிக்காத ஒரே இடம் அவர் வீடு. "இன்னா கொழம்பு?" என்று ஒருநாள் கேட்டதற்கு அவர் மனைவி பச்சையம்மா "எதனா வைப்பேன்" என்றாராம். இவர் பழக்க தோஷத்தில் "'எதனா' ஒரு தரம்" என்று ஆரம்பித்திருக்கிறார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது வெறும் கஞ்சி.

இப்போது வேட்பாளர்களுக்கு வருவோம். கேள்வியிலிருந்து அவர்கள் நழுவும் விதங்களை நான் மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். 'அருமையான கேள்வி' என்று கேட்டவரைப் பாராட்டிவிட்டு வேறு எதையோ பேசுவார் ஒருவர். கேட்ட அம்மாவின் இடுப்பிலிருக்கும் குழந்தையை வாங்கிக் கொஞ்சுவார் இன்னொருவர். எதிர்க்கட்சி என்ன செய்தது என்று பதிலுக்குக் கேட்பவர்கள் தனி ஜாதி. இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். கேள்வி காதில் விழாதது போல மைக்கைத் தட்டி, "இன்னாப்பா, மைக்கு சரியில்ல" என்று என் பிழைப்பில் மண் போட்டார்களே, அவர்களை மட்டும் நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

கூட்டம் பெரும்பாலும் டச்சுக் கல்லறைக்குப் பக்கத்துத் திடலில் நடக்கும். துணி வியாபாரம் செய்ய ஒல்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அங்கே கல்லுக்கு அடியில் படுத்திருக்கிறார்கள். வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் நிற்கும். இருட்டுகிற நேரத்தில் வந்திறங்கிய ஒரு வேட்பாளர், பொதுஜனம் என்று நினைத்து அவற்றுக்கும் கும்பிடு போட்டுவிட்டு வந்தார். எதிர்க்கேள்வி கேட்காத வாக்காளர்கள் என்று பார்த்தால் எங்கள் ஊரில் அவர்கள் மட்டும்தான் தேறுவார்கள்.

ஒரு சட்டசபைத் தேர்தலில் வந்தவர் நல்ல பேச்சாளர். பழவேற்காட்டைச் சிங்கப்பூர் ஆக்கப்போவதாகப் பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் நடுவிலிருந்து மூணுதரத்தின் குரல் எழுந்தது. என் ஒலிபெருக்கி அதற்குள் அமுங்கிப்போனது.

"சிங்கப்பூருக்கு கப்பலு வரணும் நைனா. நம்ம முகத்துவாரத்துல தோணியே போவல. மண்ணு அடச்சிகினு கீது. எப்போ தூர் வாருவீங்க?"

முகத்துவாரம் என்பது ஏரி கடலோடு சேரும் வாய். அதில் மணல் மூடிக்கொண்டால் படகு கடலுக்குப் போக முடியாது, கடல் தண்ணீரும் இறால் குஞ்சும் ஏரிக்குள் வர முடியாது. குப்பத்து அடுப்பு எரிவது அந்த வாயை நம்பித்தான். அதனால் கூட்டம் மொத்தமும் மேடையைப் பார்த்தது.

வேட்பாளர் சிரித்தார். "விரைவில்" என்றார்.

"'விரைவில்' ஒரு தரம்! இத்த வுட கிட்ட சொல்றவங்க கீறீங்களா?"

கூட்டத்தின் ஓரத்தில், வேவு பார்க்க வந்த எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்காளு ஆறு மாசத்துல வாருவாரு!" என்று கத்திவிட்டார்.

"ஆறு மாசம் ஒரு தரம்! ஆறு மாசம் ரெண்டு தரம்!"

மேடையிலிருந்தவருக்கு ரோஷம் வந்தது. "நாலு மாசம்" என்றார். டீக்கடைப் பக்கமிருந்து "பொங்கலுக்குள்ள!" என்று பதில் வந்தது. "அடுத்த மாசம்!" என்றது மேடை. "அடுத்த வாரம்!" என்றது டீக்கடை. மூணுதரம் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி ஏலத்தைச் சூடேற்றினார். ஜனங்கள் இரண்டு பக்கமும் விசிலடித்தார்கள். கடைசியில் வேட்பாளர் சட்டைக் கையை மடித்துவிட்டு, என் மைக்கைப் பிடுங்கி, தொண்டை கிழிய "நாளைக்கே!" என்றார்.

"நாளைக்கே ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! எட்துக்க நைனா, உனக்குத்தான்!"

வேறு ஊராக இருந்தால் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எங்கள் ஏரிக்கரையில் மூணு தரம் சொல்லியாயிற்று என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மறுநாள் காலையில் குப்பமே மண்வெட்டியும் கூடையுமாக முகத்துவாரத்தில் போய் நின்றது. வேட்பாளர் வரவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு வேன் நிறைய பன்னும் டீயும் வந்தன. வந்தது வந்தோம் என்று ஜனங்கள் பன்னைத் தின்றுவிட்டு அவர்களே மத்தியானம் வரை மணலை வாரிப்போட்டார்கள். ஒரு தோணி போகிற அளவுக்கு வழியும் விட்டது. அடுத்த வாரமே ஊர் முழுக்கச் சுவரொட்டி: 'சொன்னார், செய்தார்!'

அதன் பிறகு வேட்பாளர்கள் உஷாராகிவிட்டார்கள். மூணுதரம் கரையில் வேலையாக இருக்கும் காலை நேரமாகப் பார்த்து ஒருவர் வந்தார். மூணுதரம் ஏலத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினார். கேட்பாரில்லாத நண்டுகள் கூடையிலிருந்து இறங்கி ஏரியைப் பார்த்து நடந்தன. இன்னொருவர் அவரைக் குளிர்விக்க நினைத்து மாலை போட்டு மேடையிலேயே நாற்காலி கொடுத்தார். அது இன்னும் வசதியாகப் போயிற்று, மூணுதரம் பக்கத்திலிருந்தே கேட்டார். மூன்றாமவர் கரைக்கே வராமல் படகில் இருந்தபடி பசியாவரம் தீவுக்காரர்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டார். மூணுதரம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மேலிடத்துல கேட்டுச் சொல்றேங்க" என்றார் படகிலிருந்தவர்.

"'மேலிடம்' ஒரு தரம்! 'மேலிடம்' ரெண்டு தரம்! 'மேலிடம்' மூணு தரம்! எட்துக்க ஆளில்ல, அழுவிப்போச்சு. அடுத்ததக் கொட்டு நைனா."

இப்படியே போய்க்கொண்டிருந்தால் மூணுதரம் நிம்மதியாக இருந்திருப்பார். கேள்வி கேட்கிறவனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை எல்லா ஊருக்கும் உண்டு. பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் வந்தபோது குப்பத்து இளவட்டங்கள் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். "அண்ணாத்தே, நீயே நில்லு. உன்ன கேள்வி கேக்க இன்னொரு மூணுதரம் பொறந்து வரணும்" என்றார்கள். மனுஷன் மயங்கிவிட்டார். "எங்கிட்ட எதனா கேளுங்க. வளச்சி பேசமாட்டேன். உண்டுன்னா உண்டு, இல்லன்னா இல்ல" என்று சொல்லி மனுத் தாக்கல் செய்தார். அவருக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. அவர் தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது. எதிரிக்குப் பிரச்சாரச் செலவு மிச்சமாயிற்று.

ஆனாலும் அலை மூணுதரத்தின் பக்கம்தான் அடித்தது. பழவேற்காட்டுக் கடைத்தெருவில் எங்கள் ஆட்கள்கூட, "வாயி பெருசு, ஆனா மனுசன் நேர்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்தபோது என் பெரியப்பா, "விளக்குக் கம்பம் எங்க தெருவுக்கு முதல்ல வருமா?" என்று கேட்டார். "வராது பாய். ஒங்க தெருவுல வூட்டுக்கு வூடு லைட்டு எரியுது. இருட்டா கீற தெருவுக்குத்தான் மொதல்ல" என்றார் மூணுதரம். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் ஓட்டு அவருக்குத்தான் என்று வீட்டில் சொன்னார்.

கடைசிக் கூட்டம் குப்பத்திலேயே நடந்தது. இந்த முறை மைக்கை நானே கொண்டுபோய் வைத்தேன். மூணுதரம் வேண்டாம் என்றார். வேட்பாளருக்கு மைக் இல்லாவிட்டால் மரியாதை இருக்காது என்று நான்தான் கையில் திணித்தேன். கேள்விகள் வந்தன, பதில்கள் வந்தன, கைதட்டல் வந்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து தேசம்மா எழுந்து நின்றார்.

தேசம்மாவின் கேள்வி புரிய வேண்டுமானால் பாடு என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் சிலதான். அங்கே யார் என்றைக்கு வலை கட்டுவது என்று குப்பத்தார் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண் ஒவ்வொருவருக்கும் ஒரு பாடு உண்டு. அவர் செத்தால் பாடும் போய்விடும். தேசம்மாவின் கணவர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து செத்துப்போனவர். அதிலிருந்து தேசம்மா பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரியில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். சீட்டுப் போடும் நாளில் சீட்டுக் குடத்தருகே நின்று பெயர்களைக் கூப்பிடுவது மூணுதரத்தின் வேலை. கணவர் செத்த வருஷம் அந்தப் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனதும் அவர்தான்.

"அண்ணா, எம்புருசன் பாடு எனக்கு உண்டா? எந்தம்பி வந்து வல கட்டுறேன்றான். அவனுக்கு கண்ணாலம் ஆவல, அவன் பேர்ல குடுக்கமாட்டாங்கோ. எம்பேர்ல குடுத்தா பொழச்சிக்குவோம். இந்த வருசமும் இல்லன்னா புள்ளைங்கள பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்திட்டு செங்கல் சூளைக்குத்தான் போவணும்."

கைதட்டிக்கொண்டிருந்த ஆண்கள் தட்டுவதை நிறுத்தினார்கள். குடத்தில் ஒரு சீட்டு கூடினால் மற்ற எல்லோருக்கும் முறை வர அத்தனை தாமதமாகும். அதோடு ஒரு விதவைக்குக் கொடுத்தால் மற்ற விதவைகளும் வந்து நிற்பார்கள். இது மூணுதரத்துக்கும் தெரியும். அவர் ஓட்டு முழுக்க அந்த ஆண்களிடம்தான் இருந்தது.

மூணுதரம் தொண்டையைக் கனைத்தார். பிறகு என் மைக்கைத் தட்டினார். மைக் சரியாகத்தான் இருந்தது.

"தங்கச்சி, நல்ல கேள்வி கேட்ட. பாடுன்றது ஊர்க் கட்டு. நான் நிக்கறது கவர்மெண்டு பஞ்சாயத்து. ரெண்டும் வேற வேற. ஊரு பெரியவங்க ஒக்காந்து பேசணும். பேசலாம். பாக்கலாம்."

மேடையில் நின்றவர் வேறு எவராக இருந்தாலும் அந்தப் பதிலைக் குப்பமே சேர்ந்து ஏலம் விட்டிருக்கும். தேசம்மாவுக்கு அப்படி ஏலம் விடத் தெரியாது. "சரிண்ணா" என்றார். கீழே வைத்திருந்த பறியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அவ்வளவுதான். ஒரு கோபம் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. இப்படித்தான் பதில் வரும் என்று தெரிந்தே கேட்டவர் போலப் போனார்.

மூணுதரம் குடிதண்ணீர் பற்றிப் பேச ஆரம்பித்தார். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். மேடையோரம் நின்ற பச்சையம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், மைக்க ஆஃப் பண்ணு" என்றார் மூணுதரம்.

பண்ணினேன்.

"தேசம்மா! நில்லு தங்கச்சி. நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. மத்தவன்லாம் பேசுற பேச்ச நானும் பேசிட்டேன். பேஜாரா கீது எனக்கே. உண்டா இல்லயானு கேட்டே. உண்டு. அந்தப் பாடு உன்னுது."

கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். "அண்ணாத்தே, யோசிச்சி பேசு! ஓட்டு பூடும்!"

"போவட்டும்."

போய்விட்டது. ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். என் பெரியப்பா உட்பட எங்கள் தெரு அவருக்குத்தான் போட்டது, நானும் சீப்பில்தான் குத்தினேன். ஆனால் சொந்தக் குப்பம் கைவிட்டால் யார் போட்டு என்ன செய்ய. மூணுதரம் தோற்றார். வெற்றி ஊர்வலத்துக்கு மைக் கட்டப்போன எனக்குக் கையே ஓடவில்லை. மறுநாள் காலையில் ஏரிக்கரைக்குப் போனால், அவர் கூடை மேல் ஏறி நின்று இறால் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் விலை சொன்னார்கள்.

அந்தத் தேர்தல் முடிந்து, மழைக்காலம் வரும்போது பாடு முறைக்குச் சீட்டுப் போடும் நாள் வந்தது. அம்மன் கோயில் வாசலில் குடம் வைத்து, ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூணுதரம் வழக்கம்போலப் பெயர்களைக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து குடத்தில் கைவிட்டுச் சீட்டு எடுத்தார்கள். நடுவில், மற்ற பெயர்களைக் கூப்பிட்ட அதே குரலில், "தேசம்மா" என்றார்.

பெரியவர் ஒருவர் துள்ளி எழுந்தார். "யார கேட்டு கூப்புட்ற? நீதான் தோத்துட்டியே. அப்புறம் இன்னா வாக்குறுதி?"

"தோத்தது சீப்பு நைனா. சொன்னது நானு."

"அடுத்த பேர கூப்புடு."

மூணுதரம் கூப்பிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சீட்டு முடியாமல் ஒருவரும் ஏரியில் வலை கட்ட முடியாது. ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, இறால் வரும் பருவம். வெயில் உச்சிக்கு வந்தது. சீட்டு எடுத்தவர்கள் முணுமுணுத்தார்கள், எடுக்காதவர்கள் திட்டினார்கள். வேறு ஆளைக் கூப்பிட வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். யாரும் எழுந்து வரவில்லை. பச்சையம்மா பெண்கள் கூட்டத்திலிருந்து வந்து குடத்தருகே மூணுதரத்தின் பக்கம் நின்றார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் வந்து நின்றார்கள். கடைசியில் அந்தப் பெரியவரே தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எட்துக்க சொல்லுய்யா. நேரம் ஆவுது" என்றார்.

தேசம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குடத்துக்குள் கைவிட்டார். ஏரிச் சேற்றைத் தடவித் தடவித் தடித்துப்போன கை அது. சீட்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார், பிரித்துப் பார்க்கவில்லை.

ஜெயித்துவிட்டு, சொன்னதை மறந்தவர்களை நான் எண்ணி மாளாது, அவர்கள் எல்லோருக்கும் மைக் கட்டியிருக்கிறேன். தோற்றுப்போன பிறகு சொன்னதைச் செய்தவர் என்று எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஓடிப்போய் அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு.